பூவாத்தாளின் ஆறு டஜன் அட்டைகள்

பனியன் வாங்குகிற மனிதன் முதலில் செய்கிற காரியம், அதற்குள் இருக்கும் அட்டையை உருவித் தூர எறிவதுதான். மடிப்புக் கலையாமல் திருப்பூரிலிருந்து அவன் ஊர் வரைக்கும் அந்தப் பனியனுக்கு முதுகெலும்பாக நின்று வந்தது அந்த அட்டைதான் என்று அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருஷம் மட்டும் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் சில பேர் எறியாமல் அதைத் திருப்பிப் படித்தார்கள். படித்தவர்களில் பெரும்பாலோர் வெட்கப்பட்டுச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கடிதம் எழுதினார். எல்லாவற்றுக்கும் காரணம் பூவாத்தாள்.

பூவாத்தாள் அந்த வருஷம் வைகாசியில் மிட்வைஃப் பரீட்சையில் தோற்றுப்போய்த் திருப்பூர் வந்து சேர்ந்தவள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வெள்ளைச் சேலை கட்டி, ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேடி, நூற்றுச் சொச்சம் பிரசவத்துக்குப் பக்கத்தில் நின்றவள். எழுத்துப் பரீட்சையில் நல்ல மார்க்குத்தான். வாய்மொழிப் பரீட்சையில் மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு டாக்டரம்மாக்கள் உட்கார்ந்துகொண்டு, பிறந்த குழந்தைக்கு நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு எத்தனை என்று கேட்டார்கள். நூற்றிருபதிலிருந்து நூற்று நாற்பது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். ஆனால் யாரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்கவில்லை. நன்றாக விழித்திருக்கும்போது கேட்டுவிட்டார்கள். பூவாத்தாள் மேஜைமேல் இருந்த மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி, எல்லாவற்றுக்கும் மைக்கூடுதான். அவளுக்குத் தெரியாதது எதையும் அவர்கள் கேட்கவில்லை. தெரிந்ததில் ஒன்றைக்கூட அவள் சொல்லவில்லை.

அவளுடைய அப்பா நஞ்சப்பன் தறிக்காரர். வருஷம் தவறாமல் பழனிக்குக் காவடி எடுப்பவர், அதிகம் பேசாதவர். பேசினால் ஒரே தடவைதான். மகள் வந்து நின்றதும் சொன்னார்.

"இன்னொரு வாட்டி எழுது கண்ணு. அதும் போச்சுன்னா இந்த ஊட்டுல அந்தப் பேச்சே வேண்டாம்."

இரண்டாம் தடவையும் தவறினால் மறுபடி ஆறு மாதம் வார்டில் வேலை பார்த்துவிட்டுத்தான் பரீட்சைக்கு உட்கார முடியும் என்பது சட்டம். அந்த ஆறு மாதத்துக்கு நஞ்சப்பன் அனுப்பமாட்டார் என்பது அதைவிடப் பெரிய சட்டம். ஆக ஐப்பசியில் வரப்போகிற பரீட்சைதான் கடைசி. தேறினால் மடத்துக்குளத்துப் பிரசவ விடுதியில் வேலை; அங்கிருந்த பெரிய நர்ஸம்மாள் வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்திருந்தார். தேறாவிட்டால் என்ன என்பதைப் பூவாத்தாள் மறுவாரமே கண்ணால் பார்த்துவிட்டாள். அது இருபத்தோரடி நீளத்தில் ஒரு பாக்கிங் மேஜை.

நஞ்சப்பனோடு காவடி எடுக்கும் ரத்தினசாமி ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். மூன்று சேவல் மார்க். ஒரு சேவல் போட்டால் போதாதா என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. பரீட்சை வருகிற வரைக்கும் பெண் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அங்கே மடிப்பு வேலைக்குச் சேர்த்துவிட்டார் அப்பா. இஸ்திரி போட்டு வருகிற பனியனை மேஜையில் விரித்து, நடுவில் அட்டையை வைத்து, கையையும் ஓரத்தையும் உள்ளே மடக்கி, பன்னிரண்டு சேர்ந்ததும் பெட்டிக்குத் தள்ள வேண்டும். நாள் முழுக்க அதுதான். பிரசவம் பார்த்த கைக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. பனியன் அழுவதுகூட இல்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. மேஜையில் காகிதமோ புத்தகமோ கண்ணில் படக்கூடாது என்பது ரத்தினசாமியின் கட்டளை. முன்னொரு காலத்தில் யாரோ ஒருத்தி வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் கதாநாயகி கிணற்றடிக்குப் போன கட்டத்தைப் படித்துக்கொண்டே மடித்ததில் டஜனுக்குப் பதினொன்று போய்விட்டதாம். அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் எழுத்துக்கும் எண்ணிக்கைக்கும் ஆகாது.

புத்தகமும் அவளுடையதல்ல. ஹாஸ்டல் தோழி ஒருத்தி மூன்று வாரத்துக்குத்தான் தன் நோட்டைக் கொடுத்திருந்தாள். பூவாத்தாள் யோசித்தாள். கழித்துப் போட்ட அட்டைகள் மேஜைக்கடியில் ஒரு கூடை நிறையக் கிடந்தன. ஒரு பக்கம் மூன்று சேவல். மறுபக்கம் வெறும் வெள்ளை. மத்தியானச் சோற்று வேளையில் பென்சிலை எடுத்து, பரீட்சைக்கு முக்கியமானவற்றை மட்டும் அட்டைக்கு ஒன்றாக எழுதத் தொடங்கினாள். நஞ்சுக்கொடி அரை மணிக்குள் விழ வேண்டும். தொப்புள்கொடி ஐந்திலிருந்து ஏழு நாளில் உதிரும். இப்படி மூன்று வாரத்தில் எழுபத்திரண்டு அட்டை. சரியாக ஆறு டஜன். நோட்டைத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டாள். மடிக்கும்போது பனியனுக்குப் பக்கத்தில் தன் அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு பார்ப்பாள். முதலாளி தலை தெரிந்தால் திருப்பிவிடுவாள். மூன்று சேவல் அவரைப் பார்த்துக் கூவாமல் நிற்கும்.

அப்போதுதான் ஒரு விஷயம் அவளுக்குப் பிடிபட்டது. அந்தக் காலத்தில் பனியன் சைஸ் அங்குலக் கணக்கு. பெரியவர்களுக்கு இருபத்தெட்டு, முப்பது, முப்பத்திரண்டு என்று இரண்டிரண்டாக ஏறி நாற்பதில் முடியும். கர்ப்பவதிக்கும் இருபத்தெட்டாம் வாரத்திலிருந்துதான் கணக்குக் கெடுபிடியாகிறது; நாற்பதில் முடிகிறது. கடவுளும் ரத்தினசாமியும் ஒரே அளவு நாடாவை வைத்திருந்தது அன்றுவரை யாருக்கும் தோன்றவில்லை. இருபத்தெட்டு சைஸை மடிக்கும்போது, இதுவரை மாதம் ஒருமுறை வந்தவள் இனி பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரவேண்டும் என்று சொல்லிக்கொள்வாள். முப்பத்தாறு வந்தால், கருப்பை மேல் விளிம்பு நெஞ்செலும்பு முனையைத் தொடும், இனி வாரம் ஒருமுறை. கையில் எந்த சைஸ் வருகிறதோ அந்த வாரம் வாயில் வரும்.

வாயில் என்றால் முணுமுணுப்புத்தான். ஆனால் மேஜைக்கு எதிர்ப்பக்கம் செல்லாத்தாள் நின்றாள். ஐந்து பெற்றவள். அவள் காதுக்குத் தப்பி அந்தக் கம்பெனியில் ஊசி விழுந்ததில்லை. நாலாம் நாளே, என்ன அம்மிணி, பனியனுக்கு மந்திரிக்கிறாயா என்று கேட்டாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. எதைச் சொன்னாலும் "அதெப்படிங்கறேன்?" என்பாள். ஐந்து பெற்ற தன்னைக் கேட்காமல் யார் இதையெல்லாம் முடிவு செய்தார்கள் என்பது அவள் வருத்தம். பூவாத்தாள் குனிந்த தலை நிமிராமல் விளக்கம் சொல்லுவாள்.

பெட்டி கட்டுகிற சைதுன்னிசாவுக்கு வயிற்றில் தலைப்பிள்ளை. அவள் எழுத்துப் படிக்காதவள். ஆனால் பத்துப் பெட்டியில் எந்தப் பெட்டியில் எத்தனை எந்த சைஸ் என்று கட்டிய மறுநாளும் சொல்வாள். பூவாத்தாள் சேர்ந்தபோது அவளுக்கு நான்காம் மாதம். மேஜைப் பாஷையில் பதினாறு சைஸ், அதாவது குழந்தைப் பனியன். மாதம் ஏற ஏற அவளும் சைஸ் ஏறினாள். காலையில் வந்ததும், "பூவக்கா, இன்னிக்கு நான் எந்த சைஸு?" என்று கேட்டுக்கொண்டுதான் சணலை எடுப்பாள். இருபத்தெட்டு ஆன அன்று, இனி பெரியவர்கள் சைஸ் என்று செல்லாத்தாள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுத்தாள்.

ஒரே ஓர் அட்டையில்தான் தகராறு. நாற்பது. நாற்பதாம் வாரத்தில் கருப்பை விளிம்பு இறங்கி முப்பத்திரண்டாம் வாரத்தில் இருந்த உயரத்துக்கே வந்துவிடும் என்று பூவாத்தாள் எழுதியிருந்தாள். மேலே போனது எப்படிக் கீழே வரும் என்றாள் செல்லாத்தாள். வெளுப்புச் சரியில்லாத நாற்பது சைஸைத் தண்ணீரில் போட்டால் முப்பத்திரண்டாக வருகிறதே, அப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் சைதுன்னிசா. அப்படியானால் அது மட்டமான சரக்கு, முருகன் படைப்பில் அப்படி நடக்காது என்று செல்லாத்தாள் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

பரீட்சைக்கு இருபத்தொரு நாள் இருக்கும்போது பூவாத்தாள் ஹால் டிக்கெட் வாங்கக் கோயமுத்தூர் போனாள். தீபாவளிச் சரக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். மத்தியானம் அட்டை தீர்ந்துவிட்டது. அட்டைக்காரன் மறுநாள்தான் வருவான். லாரி நாலு மணிக்கு நிற்கிறது. ரத்தினசாமி மேஜை மேஜையாகக் குனிந்து தேடினார். பூவாத்தாள் இடத்துக்குக் கீழே, சேவல் பக்கம் மேலே தெரிய, ஓரம் தட்டி அடுக்கிய ஆறு டஜன் அட்டை இருந்தது. யாருக்கும் தெரியக்கூடாது என்று அவள் ஒளித்து வைத்த சாமர்த்தியமே வினையாகிவிட்டது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முதலாளிக்கு என்ன அவசியம். இப்படி ஒருத்தி முன்யோசனையோடு சேர்த்து வைத்திருக்கிறாளே என்று மெச்சிக்கொண்டு எடுத்துப் போய்க் கடைசி மேஜையில் கொடுத்தார். நாலு மணிக்கு ஆறு பெட்டியும் லாரியில் ஏறித் திண்டுக்கல் புறப்பட்டன.

மறுநாள் பூவாத்தாள் வந்தாள். கையை உள்ளே விட்டாள். இல்லை. இன்னும் உள்ளே விட்டாள். செல்லாத்தாள்தான் சொன்னாள். பூவாத்தாள் அழவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, சுவரிலிருந்த நாட்காட்டி முருகனைப் பார்த்தாள். மைக்கூட்டைப் பார்த்த அதே பார்வை. செல்லாத்தாளுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

"போனா போவுது உடு. முப்பத்தாறுல என்ன எழுதியிருந்தே, நாஞ் சொல்லட்டுமா?" என்றாள். "நெஞ்செலும்பத் தொடும். இனி வாரத்துக்கு வாரம் வரோணும். சரியா, தப்பா?"

பூவாத்தாள் தலையாட்டினாள்.

"தலையாட்டுனா எனக்கெப்படித் தெரியும்? வாயில சொல்லு."

"சரிதானுங்க்கா."

"ஏன் வாரத்துக்கு வாரம்? அதெப்படிங்கறேன்?"

அன்று ஆரம்பித்தது. நாலரை மாதமாக முணுமுணுப்பாகக் கேட்டதெல்லாம் மேஜைக்காரிகள் தலையில் சைஸ் வாரியாக அடுக்கி இருந்தது. சைதுன்னிசா பெட்டிக்கணக்குப் போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். எண்ணில் ஒருநாளும் பிசகவில்லை. செல்லாத்தாள் சொன்னதில் பாதி நோட்டில் இருந்தது. மீதிப் பாதி அவளுடைய ஐந்து பிரசவத்தின் சொந்தச் சரக்கு. குழந்தை பிறந்ததும் சர்க்கரைத் தண்ணி என்பாள். இல்லீங்க்கா, தாய்ப்பால் என்று பூவாத்தாள் திருத்த வேண்டியிருந்தது. திருத்துவதென்றால் நிமிர்ந்து, முகம் பார்த்து, இஸ்திரிக்காரர் வரைக்கும் கேட்கிற குரலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் செல்லாத்தாள் அதையே நூறு தடவை சொல்லி நிலைநாட்டிவிடுவாள். அட்டை இருந்தவரை பூவாத்தாள் படித்தாள். அட்டை போனபின் சண்டை போட்டாள்.

நாற்பது மட்டும் தீரவில்லை. கேட்டுக் கேட்டு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. முப்பத்திரண்டா, முப்பத்துநாலா? இறங்குமா, நான்தான் தப்பாக எழுதினேனா?

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தபோது ரத்தினசாமி அவளை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு கடிதம். திண்டுக்கல் மொத்த வியாபாரி எழுதியது. அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். போன வாரம் வயிறு திடீரென்று தாழ்ந்துபோய், குழந்தைக்கு என்னவோ ஆகிவிட்டதென்று வீடே சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்ததாம். கடையில் ஒரு பெட்டியைப் பிரித்தால், பனியனுக்குள், 'நாற்பது வாரம்: முப்பத்திரண்டு வார உயரத்துக்கு இறங்கும், பயப்பட வேண்டாம்' என்று தங்கள் சேவல் மார்க்கே எழுதி அனுப்பியிருக்கிறது. டாக்டரிடம் கேட்டதில் அதையேதான் சொன்னாராம். நன்றி. ஆனால் மீதி ஐந்து பெட்டியும் வத்தலக்குண்டு, நிலக்கோட்டைக் கடைகளுக்குப் போய்விட்டதால், அந்த அட்டைகளில் என்ன இருந்தது என்று தயவுசெய்து தெரிவிக்கவும். பிரசவம் வரைக்கும் தேவைப்படுகிறது. அடுத்து எட்டு டஜன் அனுப்பும்போது உள்ளேயே வைத்தாலும் ஆட்சேபணை இல்லை.

ரத்தினசாமி கடிதத்தை மடித்தார். காகிதமே கூடாதென்ற கம்பெனியில் காகிதத்தைவிடக் கனமான குற்றம் நடந்திருக்கிறது. ஆனால் எட்டு டஜன் ஆர்டரும் வந்திருக்கிறது. அவர் முகம் இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது.

"ஏம்மிணி, இது உன்ற எழுத்தா?"

"ஆமாங்க. முப்பத்திரண்டுன்னா போட்டிருக்குதுங்க?"

அவர் இன்னொரு தடவை பார்த்து, ஆமாம், முப்பத்திரண்டுதான் என்றார். பூவாத்தாள் அந்த அறையில் சிரித்தது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. எட்டு டஜனுக்கும் எழுதிக் கொடுத்துவிடு, கையெழுத்து லட்சணமாயிருக்கிறது என்றார். யார் அந்த அட்டைகளை எடுத்தது என்ற பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை.

ஆக, வேலை நேரத்தில், முதலாளி உத்தரவோடு, மேஜைமேல் பென்சிலை வைத்துக்கொண்டு பூவாத்தாள் தொண்ணூற்றாறு அட்டையும் மனதிலிருந்தே எழுதினாள். இப்படிப் பரீட்சைக்குப் படித்தவள் அந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்க முடியாது. கடைசி டஜன் எழுதும்போது சைதுன்னிசா பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். இரண்டு நாளாக மூச்சு வாங்கவில்லை, வயிறு கீழே வந்தாற்போல இருக்கிறது என்றாள். செல்லாத்தாள் அவளை நிற்க வைத்து முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு ஒரு முப்பத்தெட்டு சைஸை எடுத்து மடித்தபடி, எறங்கத்தான் எறங்குது, என்றாள். அவள் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

பரீட்சையில் அதே மேஜை, அதே மைக்கூடு. டாக்டரம்மாக்களில் ஒருவர் பழையவர். முகத்தைப் பார்த்ததும், மறுபடியும் இவளா என்பது போல மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாடித் துடிப்புக் கேட்டார், வந்தது. நஞ்சுக்கொடி கேட்டார், வந்தது. நிறைமாசக்காரி ஒருத்தி வயிறு தாழ்ந்துவிட்டதென்று பயந்து ஓடி வந்தால் என்ன சொல்லுவாய் என்று கேட்டார்.

"பயப்பட வேண்டாமுன்னு சொல்லுவனுங்க. நாப்பது சைஸ்ல முப்பத்திரண்டுக்கு எறங்கறது வழக்கந்தானுங்க."

அறையில் சத்தமில்லை. போன தடவை அந்த மௌனம் பூவாத்தாளுடையது. இந்தத் தடவை டாக்டரம்மாவுடையது.

"என்ன சைஸ்?"

தான் சொன்னது அப்போதுதான் பூவாத்தாளுக்குக் காதில் விழுந்தது. கண் தானாக மைக்கூட்டுக்குப் போயிற்று. அதற்குள் தலைக்குள் ஒரு குரல், அதெப்படிங்கறேன் என்றது. நிமிர்ந்தாள்.

"வாரமுங்க. பனியன் கம்பெனியில மடிச்சுட்டே படிச்சதுங்க, நாக்குல சைஸு ஒட்டிக்கிச்சு. கொழந்தை தலை இடுப்பெலும்புக்குள்ள எறங்கிருதுங்க. அதுனால வயிறு தாழும், மூச்சு லேசாகும், ஒண்ணுக்கு அடிக்கடி வரும். தலைச்சன்னா ரெண்டு மூணு வாரம் முந்தியே எறங்கும்."

இரண்டாவது டாக்டரம்மா சின்ன வயது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சரி, முப்பத்தாறு சைஸ்ல?" என்றார். பூவாத்தாள் சொன்னாள். முப்பது சைஸ், இருபத்தெட்டு சைஸ் என்று அவர் கேட்டுக்கொண்டே போனார், பழையவர் தடுக்கவில்லை. குழந்தை சைஸ் வரைக்கும் இறங்கியபின்தான் விட்டார்கள்.

கார்த்திகையில் முடிவு வந்தது. தேறியிருந்தாள். நஞ்சப்பன் அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் தறிக்குப் போனார். இந்தத் தடவை அந்த ஒரு பேச்சும் தேவைப்படவில்லை. கம்பெனியில் செல்லாத்தாள் காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, எத்தனை மார்க்கு என்று கேட்டாள். நூற்றுக்கு எழுபத்தெட்டு என்றதும் மேஜையில் ஒரு கசப்பு. மீதி இருபத்திரண்டு எங்கே போயிற்று, நான் சொன்னதில் எதை விட்டுவிட்டு வந்தாய் என்று செல்லாத்தாள் இரண்டு நாள் விசாரித்தாள். சைதுன்னிசா அங்கே இல்லை. அவளுக்குப் பெண் பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. முப்பத்தெட்டுக்கும் நாற்பதுக்கும் நடுவில், கம்பெனி போடாத சைஸில் பிறந்ததாக மேஜையில் பேச்சு.

தை பிறந்ததும் பூவாத்தாள் மடத்துக்குளம் போனாள். போகிற அன்று மேஜைக்காரிகள் ஒரு பெட்டி கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் பனியன் இல்லை. பன்னிரண்டு வெற்று அட்டை மட்டும். அவற்றில்தான் பிரசவ விடுதியின் குறிப்புகளை எழுதினாள் என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். உண்மையில் ஒன்றில்கூட அவள் எழுதவில்லை; டிரங்குப் பெட்டிக்கு அடியில் அப்படியே கிடந்தன.

சில வருஷத்தில் அங்குலம் போய் சென்டிமீட்டர் வந்தது. உடுமலைப்பேட்டைக் கடையில் அப்பாவுக்குப் பனியன் எடுக்கப் போனவளிடம் கடைக்காரர், எண்பத்தைந்து சைஸா, தொண்ணூறு சைஸா என்று கேட்டார். தொண்ணூறு வாரம் சுமக்கிற பெண் யார் என்று பூவாத்தாள் ஒரு நிமிஷம் உண்மையாகவே யோசித்தாள். பிறகு, மடத்துக்குளத்து நர்ஸம்மா கடையில் நின்று தனியாகச் சிரிக்கிறார் என்று நாலு பேர் திரும்பிப் பார்க்க, பனியனுக்குள் விரலை விட்டு அட்டையை உருவினாள். சேவல் இருந்தது. திருப்பினாள். பின்பக்கமும் அச்சடித்துவிட்டார்கள், எழுத இடமே இல்லை.